பாட்டியின் பெட்டியில் இருப்பவை: ஈரானியப் பெண்களின் குடும்பப் பொருள்கள், ஆவணங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரானில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பெரும்பாலும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கோ அப்பாவின் குடும்பப் பெயர். அதனால் பாட்டிக்கு ஒரு பெயர், அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு இன்னொன்று. தாய்வழியைப் பெயரை வைத்துத் தேடினால் தலைமுறைக்குத் தலைமுறை வழி அறுந்துபோகும். அறுந்த இடத்தை ஒட்டவைப்பது ஒரு தெர்மே துணி, ஒரு கல்யாண ஒப்பந்தம், கடிதக் கட்டு, செப்புப் பானை போன்றவைதான். இவற்றைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பாட்டி பேத்திக்கு என்னதான் விட்டுப்போகிறாள்?

முதலில் துணி. தெர்மே என்பது பட்டும் கம்பளியும் கலந்து நெய்யும் கனமான துணி. மாங்காய் வடிவம் அதில் பெரும்பாலும் இருக்கும். யஸ்து நகரம் இதற்குப் பேர்போனது. கல்யாணத்தன்று மணமக்கள் முன்னால் விரிக்கும் சோஃப்ரேக்கு அடியில் அம்மாவின் தெர்மேயைப் போடும் குடும்பங்கள் உண்டு. கெர்மான் பக்கம் பத்தே: தடித்த கம்பளித் துணி முழுவதும் வண்ணக் கம்பளி நூலால் பெண்கள் போடும் பூவேலை. யஸ்து, கெர்மான் ஜொராஸ்திரியப் பெண்களுக்குத் தனித் தையல் மரபே உண்டு. பல நிறத் துணிக் கீற்றுகளை இணைத்துக் கால்சட்டை தைத்து, அதன் மேல் மீன், மயில், சூரியன் என்று சின்னச் சின்ன உருவங்களை ஊசியால் இறைத்திருப்பார்கள்.

இதெல்லாம் பொக்சே என்ற சதுரத் துணியில் மூட்டையாகக் கட்டி, சந்தூக் என்ற பெட்டிக்குள் போகும். நகையும் முத்திரையும் காகிதமும் மொஜ்ரி என்ற சின்னப் பூட்டுப்பெட்டியில். நிஷாப்பூர் பச்சைநீலக் கல் பதித்த மோதிரம் அங்கேதான் இருக்கும்.

சமையலறையில் ஈயம் பூசிய செப்புப் பானைகள். தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் சமோவர் 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவிலிருந்து வந்தது. வந்த வேகத்தில் மணமகள் சீரில் இடம்பிடித்துக்கொண்டது. அப்புறம் பொருஜெர்த் ஊர்க் கைவினைஞர்களே வெள்ளைநிற உலோகத்தில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். பேத்தி வீட்டு அலமாரியில் இன்று சும்மா நிற்கும் சமோவர், பாட்டி வந்த நாளில் வீட்டிலேயே புதுமையான பொருளாக இருந்திருக்கும்.

ஆவணம் என்றால் எந்த மாதிரி?

தலையாயது கல்யாண ஒப்பந்தம். கஜார் வம்ச ஆட்சி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1925 வரை நடந்தது. அந்தக் காலத்து வசதியான வீட்டு ஒப்பந்தங்களைப் பார்த்தால் கண் நகராது: மேலே பொன்னும் நீலமுமாக ஒரு கோபுர அலங்காரம், சுற்றிலும் பூக்கரை, நடுவில் கையெழுத்துக் கலைஞரின் வரிகள், ஓரங்களில் சாட்சிகளின் முத்திரைகள்.

அந்த அழகை நம்பி உள்ளடக்கத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. அது ஒரு சொத்துப் பத்திரம். மணமகன் மணமகளுக்குத் தர ஒப்புக்கொண்ட மெஹ்ரியே, அதாவது தமிழ் முஸ்லிம்கள் மஹர் என்று சொல்வது, அதில் உருப்படி உருப்படியாக எழுதியிருக்கும். ஒரு குர்ஆன் பிரதி முதலில் வரும். பிறகு கண்ணாடியும் மெழுகுவர்த்தித் தண்டும், பொன் அல்லது வெள்ளி நாணயம், வீடு, தோட்டம், தண்ணீர்ப் பங்கு. ஈரானில் அசையாச் சொத்தை ஆறு பாகமாக்கி, ஒவ்வொரு பாகத்தையும் ஒரு தாங் என்பார்கள். வீட்டில் 3 தாங் என்றால் பாதி வீடு. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பழைய பத்திரத்தில் பாதி புரிந்துவிடும்.

இது தவிர மணமகள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவரும் ஜஹீஸியேயின் பட்டியல். விரிப்பு, மெத்தை, பானை, விளக்கு எல்லாம் எழுதி, பெற்றுக்கொண்டதாக மணமகன் பக்கம் ஒப்பமிடும். நாளைக்கு விவாகரத்து வந்தாலும், புருஷன் இறந்தாலும், எது அவளுடையது என்று காட்ட அவள் கையில் இருக்கும் சான்று அது. இப்படி எழுதி வாங்குவது இன்றும் நடக்கிறது. இன்னும் உயில், அறக்கட்டளைப் பத்திரம், கடிதம், கணக்குச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் என்று நீளும்.

இவை மகளுக்கு வருவது சட்டப்படியா, வழக்கப்படியா?

இரண்டும் சேர்ந்துதான். ஆனால் சட்டம் பெண் பக்கம் சாய்ந்ததில்லை.

ஷியா மரபை ஒட்டிய ஈரானியக் குடிமைச் சட்டத்தில் மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான் மகளுக்கு. பிள்ளை இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று. அதிலும் நிலத்தில் மனைவிக்குப் பங்கே இல்லாமல் இருந்தது. 2009-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் நிலத்தின் மதிப்பிலும் அவளுக்குப் பங்கு வந்தது.

அதே சட்டத்தின் 915-ஆம் பிரிவை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பதுண்டு. தகப்பன் இறந்தால் அவர் அணிந்த மோதிரம், அவருடைய குர்ஆன், உடைகள், வாள் ஆகியவை மூத்த மகனுக்கு. பங்கில் கழிக்காமல், தனியாக. குடும்பப் பிறப்புகளை நாள், நேரத்தோடு குர்ஆனின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைப்பது ஈரானில் நெடுநாள் வழக்கம். ஆக, மகள்கள் பிறந்த நேரம் எழுதிய ஏடும் மூத்த மகன் வீட்டுக்குப் போய்விடும்.

இங்கேதான் மெஹ்ரியே பட்டியலின் முதல் வரி முக்கியமாகிறது. அதில் எழுதிய குர்ஆன் பெண்ணின் சொந்தச் சொத்து. 915-ஆம் பிரிவு தகப்பனுடைய பொருளைப் பற்றியது. தாயுடையதை அது தொடாது. கல்யாணம் முடிந்த உடனே மெஹ்ரியேக்கு மனைவி உரிமையாளர், அதை அவள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று 1082-ஆம் பிரிவு சொல்கிறது. பெண்கள் இந்த வழியை நன்றாகப் பயன்படுத்தினார்கள். இறந்த பிறகு பங்கு பிரியும் வரை காத்திராமல், உயிரோடு இருக்கும்போதே மகள் கையில், மருமகள் கையில், பேத்தி கல்யாணத்தில் கொடுத்துவிடுவது. யாரும் மறுக்க முடியாத கைமாற்றம் அதுதான்.

மெஹ்ரியே உண்மையில் கைக்கு வந்ததா?

பல நேரம் வரவில்லை. காகிதத்தில் கடனாகவே நின்றது. ஆனால் அந்தக் கடன் பெண்ணுக்கு ஒரு பிடி. விவாகரத்துப் பேச்சு எழும்போதும், கணவன் சொத்தைப் பிரிக்கும்போதும் அவள் ஒப்பந்தத்தை எடுத்து வைப்பாள். அதனால்தான் அதை அவளோ அவள் பிறந்த வீடோ பத்திரமாக வைத்தது. பிற்காலத்தில் மெஹ்ரியே தங்க நாணயக் கணக்குக்கு மாறி, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. கட்ட முடியாத கணவர்கள் சிறைக்குப் போக, 2013-ல் வந்த குடும்பப் பாதுகாப்புச் சட்டம் சிறை நடவடிக்கைக்கு 110 நாணயம் என்று வரம்பு வைத்தது.

அலங்கார ஒப்பந்தங்கள் எப்போது நின்றுபோயின?

1931-ல் வந்த திருமணச் சட்டம் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்றது. அச்சடித்த அரசுப் பத்திரம் வந்ததும் பொன் பூசிய தாள்கள் மெல்ல மறைந்தன.

பழைய காகிதத்தைப் பேத்தியால் படிக்க முடியுமா?

பாரசீகம் தாய்மொழியாக இருந்தாலும் திணறல்தான். காரணங்கள் பல.

எழுத்து. ஷெகஸ்தே என்ற சாய்ந்து ஓடும் கையெழுத்தில் புள்ளிகள் விடுபடும், சேரக் கூடாத எழுத்துகள் சேரும். தொகைகளைச் சியாக் என்ற கணக்கர் குறியீட்டில் எழுதுவார்கள். அரபு எண்பெயர்கள் தேய்ந்து குறியான வடிவம் அது. பழக்கமில்லாதவர் கண்ணுக்கு வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

ஆண்டு. 1925-ல் ஈரான் சூரிய ஹிஜ்ரி நாள்காட்டிக்கு மாறியது. அதற்கு முந்தைய காகிதங்களில் பெரும்பாலும் சந்திர ஹிஜ்ரி. 1320 என்று மட்டும் இருந்தால் சந்திரக் கணக்கில் அது 1902-03. சூரியக் கணக்கில் 1941-42. ஏறத்தாழ நாற்பது வருட வித்தியாசம். பாட்டியையும் கொள்ளுப்பாட்டியையும் ஒரே ஆளாக்கிவிடும் பிழை இது. மாதப் பெயரைப் பாருங்கள்: ரமலான், ஷபான் என்றால் சந்திரக் கணக்கு, மெஹ்ர், ஆபான், தேய் என்றால் சூரியக் கணக்கு.

பெயர். குடும்பப் பெயர் கட்டாயமானதே 1925-ல்தான். அதற்கு முன் பெண் என்றால் "மறைந்த இன்னாரின் மகள்". உயர்குடியாக இருந்தால் சல்தனே, மொலூக் என்று முடியும் பட்டம். வீட்டிலோ கானும் போஸோர்க், அஸீஸ் என்ற செல்லப்பெயர்கள். கணவன் கடிதத்தில் மனைவி பெயரையே எழுதாமல் "வீட்டில்", "பிள்ளைகளின் தாய்" என்று முடித்துக்கொள்வான். ஒரே பெண் நான்கு காகிதத்தில் நான்கு ஆளாகத் தெரிவாள். இந்த முடிச்சை அவிழ்க்க வீட்டில் வயதான ஒருவர் வேண்டும். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் காகிதத்தை ஸ்கேன் செய்வதற்கு முன்னால் அந்த அம்மாவை உட்காரவைத்துக் கேட்டுப் பதிவு செய்வதுதான் அவசரம். காகிதம் இன்னும் பத்து வருடம் தாங்கும்.

அடையாள அட்டையான ஷெனாஸ்நாமே 1918-ல் வந்தது. முதல் எண் ஃபாத்திமே என்ற ஒரு சிறுமியின் பெயரில் பதிவானது. பெண்ணின் பெயர் அரசு ஏட்டில் தனியாக ஏறிய காலம் அங்கிருந்து தொடங்குகிறது.

கடிதங்களைப் பெண்களே எழுதினார்களா?

சிலர். சிறுமிகளுக்கு குர்ஆன் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். எழுதப் பழக்குவதற்குத் தயங்குவார்கள். எழுதத் தெரிந்தால் கடிதம் எழுதிவிடுவாளே என்ற பயம். அதனால் பழைய கடிதங்களில் பல, பெண் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதி, கடைசியில் அவள் முத்திரையை அழுத்தியவை. 1907-ல் பீபி கானும் அஸ்தராபாதி தெஹ்ரானில் தன் வீட்டிலேயே பெண்கள் பள்ளி தொடங்கினார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அந்தத் தலைமுறைக்கு அடுத்து வரும் கடிதக் கட்டுகளில் கையெழுத்து மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வளையாத, பள்ளிக்கூட எழுத்து. படித்த மகள் படிக்காத அம்மாவுக்கு எழுதியது என்றால், அதை அம்மாவுக்கு யார் வாசித்துக் காட்டினார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பணக்காரர் வீட்டுக் கதைதானே?

பெருமளவு அப்படித்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். காகிதம் சொத்துள்ளவர்களிடம்தான் சேரும். கிராமத்திலும் மேய்ச்சல் குழுக்களிலும் நெசவுதான் பத்திரம். துர்க்மென் பெண்களும் கஷ்காய் பெண்களும் தங்கள் கல்யாணத்துக்குத் தாங்களே விரிப்பும் பையும் நெய்தார்கள். அம்மா தறியிலிருந்து மகள் கண்ணால் கற்ற வடிவங்கள் அவை. எழுதிய மாதிரி எதுவும் இருந்ததில்லை.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு. கஜார் காலத்து ஒப்பந்தங்கள் சிலவற்றில், நாணயத்துக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஓர் அடிமைப் பெண்ணும் உருப்படியாக வருவாள். ஆப்பிரிக்காவிலிருந்தும் காக்கேசியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். ஈரான் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1929-ல்தான். ஒரு பெண்ணின் உரிமையைக் காக்கும் அதே தாள் இன்னொரு பெண்ணைப் பொருளாக எண்ணியது. அந்த வரியைக் குடும்பங்கள் மறைக்காமல் வெளியிட வேண்டும் என்று நினைக்கிறேன். பல இடங்களில் அந்தப் பெண் வாழ்ந்ததற்கு அந்த ஒரு வரியைத் தவிர வேறு சான்று இல்லை. தற்காலிகத் திருமணமான சிகேயின் சின்னச் சீட்டுகளும் இப்படித்தான். வெட்கப்பட்டு எரித்தவர்கள் இருக்கிறார்கள்.

சொத்தைப் பெண்கள் வெளியாருக்கும் விட்டுப்போனார்களா?

நிறைய. வக்ஃப் பத்திரங்களில் பெண்கள் பெயர் தொடர்ந்து வருகிறது. மஷ்ஹத் நகரில் கௌஹர் ஷாத் அரசி கட்டிய மசூதி 1418-ல் முடிந்தது. தெஹ்ரானின் நஜ்மியே மருத்துவமனை, பிற்காலப் பிரதமர் முகமது மொசாதேக்கின் தாய் நஜ்ம் அல்-சல்தனே தன் சொத்தை வைத்து நிறுவியது. இன்றும் அவர் பட்டப்பெயரில் இருக்கிறது. சிறிய அளவில் பார்த்தால், மசூதிக்குச் செப்புப் பானை கொடுத்து அதன் விளிம்பில் பெயரை வெட்டிவைத்த பெண்கள் உண்டு. எனக்கு இந்தப் பானைகள் மேல்தான் பிரியம் அதிகம்.

யூத, ஆர்மீனிய, பஹாய் குடும்பங்களில்?

ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை. 1839-ல் மஷ்ஹத் யூதர்களைக் கட்டாயமாக இஸ்லாத்துக்கு மாற்றினார்கள். வெளியில் முஸ்லிம் பெயரோடு நடமாடி, உள்ளே யூதர்களாகவே வாழ்ந்தார்கள். கல்யாணத்துக்கு இரண்டு ஒப்பந்தம்: ஊருக்குக் காட்ட முஸ்லிம் முறையில் ஒன்று, வீட்டுக்குள் கெத்துபா என்ற யூத ஒப்பந்தம் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுசாகத் தெரியும். யூதக் குடும்பக் கடிதங்கள் பல, பாரசீக மொழியில் ஆனால் எபிரேய எழுத்தில் இருக்கும். வெளிநாட்டில் வளர்ந்த பேத்திக்கு மொழி பாதி தெரியும், எழுத்து பாதி தெரியும், சேர்த்துப் படிக்க வராது.

இஸ்ஃபஹானை ஒட்டிய ஜுல்ஃபா ஆர்மீனியர்களை ஷா அப்பாஸ் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேற்றினார். அவர்கள் பதிவுகள் தேவாலயத்தோடு கட்டுண்டவை. பஹாய் குடும்பங்களில் துன்புறுத்தலுக்குப் பயந்து அழித்த காகிதம் அதிகம், மிஞ்சியது அரிது.

புகைப்படங்கள் ஏன் குறைவு?

எடுக்காததால் மட்டும் இல்லை. 1848 முதல் 1896 வரை ஆண்ட நாசர் அல்-தீன் ஷா தன் அந்தப்புரப் பெண்களைத் தானே படமெடுத்தவர். ஆனால் பெண்ணின் படம் வெளியார் கண்ணுக்கு உரியதல்ல என்பதால் குடும்பங்கள் அதை ஆல்பத்தில் ஒட்டாமல் துணிக்குள் வைத்தன. 1936-ல் ரெசா ஷா முக்காட்டைக் கட்டாயமாக நீக்கச் சொன்னார். 1979 புரட்சிக்குப் பிறகு முக்காடு கட்டாயமாயிற்று. ஒரே பெண்ணின் ஆயுளில் இரண்டு உத்தரவும் வந்தன. எந்தப் படத்தை வெளியில் வைப்பது, எதை ஒளிப்பது என்ற பதில் இரண்டு முறை தலைகீழாக மாறியது. மாறும்போதெல்லாம் கொஞ்சம் படங்கள் அழிந்தன. புலம்பெயர்ந்தவர்கள் பெட்டியில் இடம் இல்லாமல் விட்டுப்போனவை தனி.

அருங்காட்சியகத்தில் இருந்தால் பத்திரம்தானே? வீட்டில் எதற்கு?

பொருள் பத்திரமாக இருக்கும், ஆள் தொலைந்துபோவாள். 19-ஆம் நூற்றாண்டில் ஈரானியப் பெண்கள் கால்சட்டைக்கு நக்‌ஷ் என்ற நெருக்கமான சாய்கோட்டுப் பூத்தையல் போட்டார்கள். நூல் துளி இடைவெளி விடாது. ஒரு காலுக்கே மாதக்கணக்கில் ஆகும். அந்த நாகரிகம் மாறிக் குட்டைப் பாவாடை வந்ததும், கால்சட்டைகளை வெட்டித் துண்டுகளாக ஐரோப்பாவுக்கு விற்றார்கள். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அந்தத் துண்டுகள் இருக்கின்றன. தைத்தவள் பெயர் இல்லை. அதே மாதிரித் துண்டு ஒரு வீட்டில் இருந்தால், இது அம்மாவின் அத்தை தைத்தது, கல்யாணத்துக்கு முந்தின குளிர்காலத்தில் தைத்தது என்று சொல்ல ஒருவர் இருப்பார்.

பழைய காகிதமும் துணியும் எதனால் கெடுகின்றன?

பாரசீக மை விளக்குக் கரியும் பிசினும் சேர்ந்தது. ஈரம் பட்டால் கரையும். தூசி தட்டுகிறேன் என்று ஈரத்துணியால் துடைத்தால் வரி போய்விடும். தாளுக்கு மாப்பசை பூசித் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அந்தப் பசைக்கு வெள்ளிமீன் பூச்சி வரும். அலங்காரக் கரையில் செப்புப் பச்சை நிறம் இருந்தால் அது காலப்போக்கில் தாளையே அரிக்கும். கோடு போட்ட மாதிரி தாள் விரிசல் விடுவது அதனால்தான். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், ஒட்டுநாடாவும் வேண்டாம். சுருளைப் பலவந்தமாக விரிக்காமல், இருக்கிற நிலையில் படமெடுப்பது நல்லது. தெர்மேயை மடித்தால் மடிப்பில் இழை அறும். பருத்தித் துணி வைத்துச் சுருட்டி, ஜரிகையில் அந்துருண்டை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றை வெளியாட்கள் எங்கே பார்க்கலாம்?

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் அஃப்சானே நஜ்மாபாதி தலைமையில் 2009-ல் தொடங்கிய கஜார் காலப் பெண்கள் பற்றிய டிஜிட்டல் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. குடும்பங்களிடமிருந்து மூலத்தைப் பிடுங்கவில்லை. படமெடுத்துக்கொண்டு பொருளை வீட்டிலேயே விட்டார்கள். பேச்சுப் பதிவுகளும் சேர்த்தார்கள். பாரசீகம், ஆங்கிலம் இரண்டிலும் தேடலாம். புதிதாகப் போகிறவர்கள் கல்யாண ஒப்பந்தங்களில் தொடங்குங்கள். மெஹ்ரியே பட்டியலைப் படித்துவிட்டு, அதே குடும்பத் தொகுப்பில் இருக்கும் புகைப்படங்களுக்கும் துணிகளுக்கும் போனால், காகிதத்தில் எழுதிய பெண்ணை முகத்தோடு பார்க்கும் வாய்ப்பு சில இடங்களில் கிடைக்கும்.